சிவப்பு நூல் கட்டிய ஸ்பீக்கர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சின்ன வயதுக் கதைகள் தானாக வந்துவிடுகின்றன. ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கதைகளில் சொல்கிறவர் ஒருநாளும் கெட்டவராக இருப்பதில்லை. மாங்காய் திருடியிருப்போம், வாத்தியாரை ஏமாற்றியிருப்போம். அதுவும் கேட்கிறவர் சிரிக்கிற அளவுக்குத்தான். நானும் இத்தனை வருடமாக அப்படிப்பட்ட கதைகளையே சொல்லி நல்ல பெயர் வாங்கி வந்திருக்கிறேன். இது அந்த வரிசையில் சேராது. இதைப் படித்தபின் நீங்கள் என்னை எப்படி நினைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. போடியில் முன்னால் அப்பாவின் ஏலக்காய்க் கடை, பின்னால் எங்கள் வீடு. எங்கள் துணி, தலையணை, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாயசம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வெடித்த காய், பூச்சி விழுந்த காய், வெளுத்த காய் ஒரு பக்கம். நல்ல காய் மறுபக்கம். பிறகு சாம்பிள் பைகளின் வாயில் நூல் கட்டுவார்கள். பச்சை நூல் என்றால் முதல் தரம். சிவப்பு நூல் என்றால் கழிவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பை மாறாமல் எடுக்க வேண்டும் என்று தாத்தா காலத்தில் வைத்த ஏற்பாடு அது. அ, ஆ தெரிவதற்கு முன்பே எனக்கு அந்த இரண்டு நிறமும் தெரியும். பாவாடைச் சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு நூலும் சுருண்டு கிடக்கும்.

காய் பொறுக்குவதில் எனக்குக் கண் கூர்மை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா என்னைக் காட்டி, "எங்க ஆத்தா கண்ணுக்குத் தப்பி ஒரு கழிவுக் காய் போகாது" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது நான் காதில் விழாததுபோல் குனிந்திருப்பேன். அவர்கள் காதில் விழுந்திருக்கிறதா என்று நாலு பேர் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். இந்தக் கதைக்கு வேர் அந்த ஓரக்கண்தான்.

எங்கள் வேதக் கோவிலில் கிட்டாரை மாட்டி வாசிக்கிற ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. மேகமலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர் ஊரை விட்டுப் போகும்போது சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இடுப்பு உயரம், கறுப்பு ரெக்சின் உறை, முன்பக்கம் சாக்குப் போல ஒரு துணி, துணிக்குப் பின்னால் சோற்றுத் தட்டு அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். போதகரின் மகன் மதுரையில் கல்லூரியில் படித்தான். ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு தடிக் கம்பி போட்ட பேஸ் கிட்டாரை அதில் மாட்டி வாசிப்பான். அந்தச் சத்தம் காதில் கேட்காது, வயிற்றில் கேட்கும். உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அதிரும். வயசான பெண்கள் இது ஆராதனையா, டூரிங் டாக்கீஸா என்று முணுமுணுப்பார்கள். எங்களைப் போன்ற வாண்டுகளுக்குப் பிரசங்கத்தைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு தந்தது அந்தப் பெட்டிதான்.

அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் பெட்டிக்குள் எலி புகுந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையும் கடித்துத் துப்பி, அந்தத் தூளிலேயே மெத்தை போட்டுக் குட்டியும் ஈன்றிருந்தது. விளைச்சலைக் கோவிலுக்குக் காணிக்கை கொடுக்கிற அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சபைக் கமிட்டியில் அப்பா சொன்னதுதான் சட்டம். அவர் ரேடியோக்கடை அண்ணனைக் கூப்பிட்டு, புது ஸ்பீக்கர் வாங்கிப் போடச் சொன்னார்.

அந்த அண்ணனுக்குக் கூடலூர். கோட்டயத்தில் வேலை பழகிவிட்டு வந்து, எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கல்யாணமாகி ஒரு வருடம். போடியில் காலூன்றுவதற்கு அவர் நம்பியிருந்தது எங்கள் சபையைத்தான். கோவில் வேலை சரியாக அமைந்தால் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுவதற்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை கோவிலின் பக்கத்து அறையில் வேலை நடந்தது. சாவியையும் காப்பித் தூக்கையும் கொண்டுபோன நான் அங்கேயே தங்கிவிட்டேன். பின்பலகையைக் கழற்றியதும் எலிப்புழுக்கை நாற்றம் ஆளைத் தள்ளியது. பழைய ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் அளவு சரி, போல்ட் ஓட்டைகள் மட்டும் பொருந்தவில்லை. பென்சிலால் குறித்து, கை டிரில்லால் புதிதாக எட்டு ஓட்டை போட்டார். வாய்க்குள் ஏதோ மலையாளப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஸ்பீக்கர்களைக் கவிழ்க்காமல் தரையில் வைத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் வயர் பற்றவைக்க இரண்டு தகட்டு முனைகள். எது பிளஸ், எது மைனஸ் என்று கம்பெனிக்காரன் குறி வைக்கவில்லை. ஒரு டார்ச் செல்லில் இரண்டு வயரைப் பிடித்து முனைகளைத் தொட்டார். கூம்பு 'டப்' என்று முன்னால் வந்தது. மாற்றித் தொட்டால் உள்ளே போயிற்று. எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டேன்.

"வெளயாட்டு இல்ல பாப்பா. ரெண்டும் ஒண்ணா மூச்சு விடணும். இது வெளிய தள்ளயில அது உள்ள இழுத்துச்சுன்னா தடிச் சத்தம் பூராம் காணாமப் போயிரும். ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"அப்ப எப்பிடிண்ணே தெரியும்?"

"கூம்பு வெளிய வந்தப்ப செல்லோட மூக்கு எந்த முனையில இருந்துச்சோ, அதுதான் பிளஸ். அடையாளம் வச்சுக்கிட்டா தப்பாது. பெயின்ட எடுத்துட்டு வர மறந்துட்டேன். நூல் கீல் வச்சிருக்கியா?"

பையிலிருந்த இரண்டு நூலையும் நீட்டினேன். அவர் சிவப்பை எடுத்தார். பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எங்க தொழில்ல செவப்புதான் பிளஸ்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு ஸ்பீக்கரிலும் பிளஸ் முனையில் சிவப்பு நூலைக் கட்டினார். அப்புறம் பெட்டியில் பொருத்தினார்.

"ஒரே பக்கமா முறுக்கக்கூடாது பாப்பா. இங்கன ஒண்ணு, நேரெதிர அங்கன ஒண்ணு. இல்லன்னா சட்டம் கோணிரும்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினார். அவ்வளவு நிதானமான ஆள்.

மதியமாகிவிட்டது. "சாப்ட்டு வந்து ஈயம் பத்த வச்சா முடிஞ்சுது. தொட்டுறாத பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பளபளவென்று இரண்டு புது ஸ்பீக்கர்கள், முதுகில் சிவப்பு நூல். கண்ணை உறுத்தியது. சாயங்காலம் அப்பா கமிட்டிக்காரர்களோடு வேலையைப் பார்க்க வருவார். ஏலக்காய் வியாபாரிகள்தான் அத்தனை பேரும். சிவப்பு நூலைப் பார்த்ததும் என்ன நினைப்பார்கள்? இந்த அண்ணன் வெளியூர், பாவம், விவரம் தெரியாமல் நல்ல சரக்கில் கழிவு நூலைக் கட்டிவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் பச்சையைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. உள்ளபடியே நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் என்மேல் எனக்குக் கோபமில்லை.

இரண்டு சிவப்பையும் அவிழ்த்தேன். பச்சையை எடுப்பதற்குள் வெளியே சடசடவென்று மழை பிடித்தது. குடையை மறந்துவிட்டுப் போயிருந்த அண்ணன், மழைக்குத் திரும்பி ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. தொடாதே என்று சொன்னதைத் தொட்டுவிட்டேன். பச்சையைப் பைக்குள் திணித்துவிட்டு, சிவப்பையே அவசரமாகத் திரும்பக் கட்டினேன். முதல் ஸ்பீக்கர் சரியாக நினைவிருந்தது. இரண்டாவதில் இடமா, வலமா? ஒரு நொடி யோசித்தேன். கையில் பட்டதில் கட்டிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன பாப்பா, காவலா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டினேன்.

குடையை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வந்து, நூல் இருந்த முனைகளைப் பார்த்துப் பார்த்து ஈயம் பற்றவைத்தார். பின்பலகையை மூடினார். பேஸ் கிட்டார் மதுரையில் இருந்ததால் தன் கடை டிரான்சிஸ்டரை மாட்டிப் பாட்டு வைத்தார். பாடியது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "சன்னமாக் கேக்குதோ? புதுசுல்ல. வாசிக்க வாசிக்கப் பழகிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் செல்லை வைத்து இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தன் கையால் கட்டிய நூலை யார் சந்தேகப்படுவார்கள்?

பண்டிகை ஞாயிறன்று கோவில் முழுக்க வாழைத்தாரும் கரும்பும் தேங்காயும் குவிந்திருந்தன. கமிட்டிக்காரர்கள் பெட்டிக்கு அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். போதகரின் மகன் கிட்டாரை மாட்டிக் கம்பியைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. குமிழைத் திருகினான். ஈ பாட்டிலுக்குள் அடைபட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. அப்பா எழுந்துபோய்க் குனிந்து ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் காதை வைத்தார்; முணுமுணுத்தது. நாலடி பின்னால் வந்தார், காலி. வயசான பெண்களுக்கு மட்டும் அன்றைய ஆராதனை மிகுந்த நிறைவாக இருந்தது.

ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த விளைச்சலைப் பந்தலில் ஏலம் விட எல்லோரும் கூடியிருந்தார்கள். ரேடியோக்கடை அண்ணனும் புதுச் சட்டை போட்டு ஓரமாக நின்றிருந்தார். அப்பா அவரை நடுவுக்குக் கூப்பிட்டார்.

"மூட்டைக்கு மேல நல்ல காயப் பரப்பி, அடியில கழிவ வச்சுத் தச்சவன நெறயப் பாத்திருக்கேன் தம்பி. பெட்டிக்குள்ள அத வச்சவன இன்னைக்குத்தான் பாக்கேன்."

"அண்ணாச்சி, சரக்கு நல்ல சரக்கு. ஒயரு மாறியிருக்கும் போல. பின்பலகையக் கழட்ட விடுங்க, அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்."

"மாறியிருக்கா? நீதான வேல பாத்த? வேற எவன் வந்து மாத்துனான்?"

"நான் சரியாத்தான் அடையாளம் வச்சுக் கட்டுனேன் அண்ணாச்சி. இருந்தாலும்…"

அங்கேதான் எனக்கு விளங்கியது. அதுவரை ஏதோ பெட்டிக் கோளாறு என்று நின்றுகொண்டிருந்தேன். ஒயர் மாறியிருக்கும் என்ற வார்த்தை வந்ததும் என் விரல் நுனியில் அந்த நூலின் முடிச்சு தட்டுப்பட்டது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் பத்தடி தூரம். "அப்பா, நான்தான் அவுத்துக் கட்டினேன்" என்றால் போதும்.

"தகராறு வந்த மூட்டைய வித்தவன் திரும்பத் தொடக்கூடாது. இது எங்க வழக்கம்" என்றார் அப்பா. அது உண்மையிலேயே எங்கள் வியாபாரத்து வழக்கம்தான். தொட விட்டால் கழிவை எடுத்துவிட்டு நல்லதை வைத்துவிடுவான் என்று பயம். ஏலக்காய்க்குச் சரியான வழக்கம். ஸ்பீக்கர் பெட்டிக்கு அதைவிட மடத்தனம் கிடையாது. ஆனால் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் ஏலக்காய்க்காரர்கள். நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். கடையிலிருந்து சணல் கயிறும் அரக்கும் வந்தன. பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின் மேல் அப்பா கடை முத்திரையைக் குத்தினார்.

அப்போது நான் அப்பாவுக்கு அருகில் போய்விட்டேன். சொல்லத்தான் போனேன் என்று இன்றுவரை நம்ப ஆசைப்படுகிறேன். அவர் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்து, கூட்டத்தைப் பார்த்து, "எங்க ஆத்தா மாதிரி ஒருத்தி பக்கத்துல இருந்திருந்தா இந்தக் கழிவு உள்ள வந்திருக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். ஓரக்கண்ணால் நாலு பேர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு முகம் அந்த அண்ணனுடையது. நான் பக்கத்திலேயே இருந்தேன் என்று அவருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் முகம் கறுத்திருப்பார், அவ்வளவுதான். அந்தக் 'கண்ணு' பெயரை விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு மனுசனின் பிழைப்பை எடைபோட்டு, என் பெயர்தான் கனம் என்று பதினொரு வயதில் முடிவு செய்திருக்கிறேன்.

போடி பஜாரில் ஒருவனைத் திருடன் என்றால்கூட மறப்பார்கள். கழிவைக் கலப்பவன் என்றால் மறக்கமாட்டார்கள். அவர் கடை வாசலில் கூட்டம் குறைந்தது. அறையின் சொந்தக்காரர் எங்கள் சபைக்காரர். காலி பண்ணச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலையில் ஜீப்பில் சாமான் ஏற்றினார்கள். நிறைமாதமாயிருந்த அவர் மனைவி, மடியில் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்து அண்ணன், "நல்லாப் படி பாப்பா" என்றார். சரி என்றேன்.

அடுத்த வருடப் பண்டிகைக்குத் தேனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அப்பாவே முத்திரையை உடைத்தார். பின்பலகையைக் கழற்றி, செல்லை வைத்துப் பார்த்த மெக்கானிக், "ஸ்பீக்கர் அசல் சரக்கு அண்ணாச்சி. ரெண்டுல ஒண்ணத் தலகீழாப் பத்த வச்சிருக்காக, அம்புட்டுத்தான்" என்றார். ஈயத்தை உருக்கி இரண்டு வயரை இடம் மாற்றினார். போதகரின் மகன் கம்பியைத் தட்டினான். அறையின் ஜன்னல் அதிர்ந்தது.

அப்பா உடைந்த அரக்குத் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, "களவாணி இல்ல. வேல தெரியாத பய" என்றார். மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம், "கூடலூருக்கு ஒரு கடுதாசி போடணும்" என்றார். போடவில்லை. பந்தலில் நாலு பேர் முன்னால் சொன்னதைத் தபாலில் திருப்பி வாங்க அவருக்கும் மனசு வரவில்லை. நானும் அவர் மகள்தானே. பக்கத்தில் உட்கார்ந்து ரசம் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருடன் என்ற பழி போய், வேலை தெரியாதவன் என்ற பழி அவர்மேல் ஏறியதை என் காதால் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. இந்த முறை எனக்கு வயது பன்னிரண்டு.

அப்புறம் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகித் தேனிக்கு வந்தேன். சொல்லலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. அப்பா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் அருகிலேயே இருந்தேன். நோயாளியிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்று சாக்குக் கிடைத்தது. சாக்குக்கு நமக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

போன மாதம் என் கூடப்பிறந்த அண்ணன் மகன் குமுளிக்குப் போய்வந்தவன், பேச்சுவாக்கில், கூடலூரில் மிக்சி பழுதுபார்க்கிற ஒரு பெரியவர், இவன் போடிக்காரன் என்று தெரிந்ததும் எங்கள் கடையைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னான். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். சின்னமனூர் வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். உத்தமபாளையத்தில் ஒரு நல்ல வாக்கியம் அமைந்தது. கம்பம் தாண்டுவதற்குள் அதில் 'சின்னப் புள்ள, தெரியாம' என்ற இரண்டு வார்த்தை தானாகச் சேர்ந்துகொண்டது. அவற்றை எடுத்தேன். திராட்சைப் பந்தல்களைப் பார்த்தபடி திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன்.

வீட்டு முன்னறையே கடை. மிக்சிகளுக்கும் கிரைண்டர் மோட்டார்களுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி மனிதர். யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏலக்கா கடை அண்ணாச்சி மகளா? பாப்பாவா நீ? உக்காரு, உக்காரு. அப்பா சுகமா இருக்காகளா?"

"எறந்துட்டாகண்ணே. பல வருசமாச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். மருமகள் கொண்டுவந்த காப்பியை என் பக்கம் நகர்த்தினார். நான் வாக்கியத்தைத் தொடங்குவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவுகளப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன் பாப்பா. முகம் இல்லாமப் போச்சு. அந்தப் பெட்டிய நான்தான் தலகீழாப் பத்த வச்சிருக்கேன். தேனி மெக்கானிக் ஒருநா சொன்னாரு. அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, நான் சரியாத்தான் கட்டுனேன்னு அவுககிட்டச் சாதிச்சேன். கண்ண மூடுனா அந்தச் செவப்பு நூலு தெரியிது. சரியாத்தான் தெரியிது. ஆனா கை தப்பிருக்கே! அதுக்குப் பெறகு ஒரு ஸ்பீக்கர் தொட்டதில்ல. மிக்சி, மோட்டார் எல்லாம் பாப்பேன். ஸ்பீக்கர்னு வந்தா வேற கடையக் காட்டி விட்டுருவேன். என் கைய நான் எப்பிடி நம்புறது?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் ஜீப்புகள் குமுளிக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தன.

"அவுகதான் இல்லையே. நீ சொல்லு பாப்பா. அவுக என்னைய மன்னிச்சாகளா?"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கண்கள் என்னையே பார்த்தன. அந்த வயதில் ஒரு மனிதரை அப்படிக் காத்திருக்க வைக்கக்கூடாது என்று பட்டது. உண்மையைச் சொல்லவும் அதே நொடிதான் இருந்தது.

"அப்பா எப்பவோ மன்னிச்சிட்டாகண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.